பதினேழாம் எண் கையெழுத்து

புதிதாகத் தொடங்கவிருக்கும் ஆய்வுக் கழகத்தின் முதல் செய்திமடலுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தேன்மொழி கேட்டிருக்கிறாள். தலைப்பையும் அவளே கொடுத்துவிட்டாள்: 'ஒரு சங்கத்தை ஒழுங்காக நடத்துவது எப்படி?' நான் முப்பத்தோரு வருஷம் ஒரே கழகத்தில் அலுவலகம் பார்த்தவள் என்பதால் எனக்கு அது தெரியும் என்று நம்புகிறாள். ஒழுங்காக நடந்த ஒரு சங்கம் எப்படிச் செத்தது என்பதுதான் எனக்குத் தெரியும். அதை எழுதுகிறேன். தலைப்பை மாற்றியதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம் தேன்மொழி. கோபிக்க வேண்டிய இடம் பின்னால் வருகிறது.

எங்கள் கழகம் இந்த வட்டாரத்து வரலாற்றையும் கல்வெட்டுகளையும் ஆராய, விழுப்புரம் திண்டிவனம் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பதிவு செய்தது. தலைமை எந்த ஊரில் என்று முதல் நாளே சண்டை. அதனால் அலுவலகத்தை விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியிலும், நூலகத்தைத் திண்டிவனத்தில் ஒரு பழைய வீட்டிலும் வைத்தார்கள். ஆண்டுப் பொதுக்குழு ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே. ஒரு மணி நேர பஸ் பயணம்தான். ஆனால் விழுப்புரத்துக்காரர்களுக்குத் திண்டிவனம் என்றால் அன்று பார்த்து வீட்டில் விசேஷம் வந்துவிடும். திண்டிவனத்துக்காரர்களுக்கு விழுப்புரம் என்றால் காய்ச்சல் வந்துவிடும்.

டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். சம்பளத்துக்கு வேலை செய்தவள் கழகத்தில் நான் ஒருத்திதான். முதல் இரண்டு வருஷம் சொன்னதை அடித்தேன், ஒட்டச் சொன்ன அஞ்சல்தலையை ஒட்டினேன். பைலாவை, அதாவது கழகத்தின் விதிப் புத்தகத்தை, அடித்து அடித்தே மனப்பாடம் செய்துவிட்டேன். இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எண்ணோடு சொல்வேன்.

இந்தக் கதைக்கு அதில் மூன்று விதிகள் போதும். ஒன்பதாவது விதிப்படி, நிரந்தரப் பணியில் இருக்கும் அல்லது ஓய்வுபெற்ற ஆசிரியர்தான் முழு உறுப்பினர். மற்றவர்கள் இணை உறுப்பினர்கள். கூட்டத்துக்கு வரலாம், வேலை செய்யலாம், ஓட்டுக் கிடையாது, ஆண்டு மலரில் தம் பெயரில் கட்டுரை எழுத முடியாது. இருபத்துமூன்றாவது விதிப்படி, பைலாவைத் திருத்த வேண்டுமென்றால் முழு உறுப்பினர்களில் பாதிப்பேராவது நேரில் வந்திருக்க வேண்டும். இருபத்துநான்காவது விதி கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பது, பற்றியது. குறித்த நேரத்தில் ஆள் சேராவிட்டால் அரை மணி நேரம் காத்திருக்கலாம். அதன் பிறகு சாதாரணக் கூட்டம் என்றால் இருக்கிறவர்களை வைத்து நடத்திக்கொள்ளலாம். பைலாத் திருத்தம் என்றால் கூட்டம் கலைந்தது.

பதிவு செய்த காலத்தில் ஒன்பதாவது விதியால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வருஷா வருஷம் புது ஆசிரியர்கள் வேலைக்கு வந்தார்கள், உறுப்பினர் ஆனார்கள். பிறகு கல்லூரிகளில் நிரந்தர நியமனம் அருகிப்போனது. வருகிறவர்கள் எல்லாம் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில்தான் கௌரவம், எங்கள் பைலாவில் அவர்களுக்கு இடமில்லை. புதிதாக யாரும் சேர வழியில்லாமல், இருக்கிறவர்களுக்கு வயது மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அப்படி வந்த இணை உறுப்பினர்தான் தேன்மொழி. திருவாமாத்தூரிலும் திருவக்கரையிலும் வெயிலில் நின்று கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றிப் படியெடுத்தவள். கழகத்து நூலகத்தில் இருந்த மைப்படிகளில் பாதிக்குமேல் அவள் கைபட்டவை. விக்கிரவாண்டிப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்த ஒன்றைப் புரட்டிப் பார்த்து, அதில் எழுத்து இருக்கிறது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். அதைப் படித்து, கட்டுரையும் எழுதிவிட்டாள். நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட அவளுக்கு அந்தக் கட்டுரை தன் பெயரில் வர வேண்டியிருந்தது. பைலாப்படி அது முழு உறுப்பினர் ஒருவர் பெயரில்தான், அதாவது துணைத்தலைவர் சபாபதி பெயரில், வரும். அடியில் சின்ன எழுத்தில் 'உதவி: தேன்மொழி' என்று போடுவார்கள்.

அப்போது செயலராக இருந்தவர் பேராசிரியர் வேங்கடாசலம். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எந்த அறிவிப்பையும் முதலில் பென்சிலில் எழுதுவார். என்னை உரக்க வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இதக் கேட்டா யாருக்காவது கோவம் வருமா கஸ்தூரி?" என்பார். வரும் என்றால், "நியாயமான கோவமா?" என்பார். 'முதலியன' என்று எழுதினால் பிடிக்காது; என்னென்ன என்று முழுக்கச் சொல்ல வேண்டும். யாராவது விதியை மீறிப் பேசினால் குரலை உயர்த்த மாட்டார். என் பக்கம் திரும்பி, "வாசிங்க," என்பார். நான் எழுந்து நின்று விதியை வாசிப்பேன். பேசியவர் உட்கார்ந்துவிடுவார்.

வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். கூட்டம் தொடங்கும்போது நான் கையெழுத்துகளை எண்ணிச் சொல்ல வேண்டும். கோரம் இருக்கிறது என்று அறிவித்ததும், கடைசிக் கையெழுத்துக்குக் கீழே அவர் கையாலேயே ஒரு சிவப்புக் கோடு போடுவார். "இதுக்குக் கீழ போட்டா அது ஆட்டோகிராப்," என்று சிரிப்பார். தலையை எண்ண மாட்டார், பதிவேட்டைத்தான் நம்புவார். பதிவேடு என் கையில் இருந்தது.

அவர் வருவதற்கு வெகுநாள் முன்பே அந்தப் பதிவேட்டில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. தொடங்கிவைத்தவர் சபாபதி. திண்டிவனத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு வருஷம் விழுப்புரத்தில் கூட்டம். அழைப்பு கொடுக்கப் போன என்னிடம், "கஸ்தூரி, முட்டி வலி பேஜாரா இருக்குதும்மா. அந்த ரிஜிஸ்டர எடு, இப்பவே போட்டுடறேன். ஆளு வர்லன்னா இன்னா, மனசு அங்கதான சுத்திக்கினு இருக்கும்," என்றார். போட்டார். ஆண்டறிக்கையில் வந்தோர் பட்டியல் அச்சாகும். அதில் பெயர் விட்டுப்போனால் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதனால் நடமாட முடியாத மூன்று நான்கு பேருக்கு வருஷா வருஷம் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன். சாதாரணக் கூட்டங்களுக்குக் கோரம் ஒரு பொருட்டே இல்லை என்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன். முதல் வரியில் இருந்தால் கண்ணை உறுத்தும் என்று நடுவில் ஏதாவது ஓர் எண்ணைக் காட்டி அங்கே போடச் சொல்வேன். இந்தக் கெட்டிக்காரத்தனம் நானே கண்டுபிடித்தது. செயலரிடம் சொன்னதில்லை.

வேங்கடாசலம் சார் பைலாவைத் திருத்த முடிவெடுத்தார். கௌரவ விரிவுரையாளர்களும் ஆய்வு மாணவர்களும் முழு உறுப்பினர் ஆகலாம் என்று ஒன்பதாவது விதியை மாற்ற வேண்டும். வரைவை ஏழு முறை பென்சிலில் எழுதினார். செயற்குழுவில் சபாபதி எதிர்த்தார்.

"நேத்து வந்த பசங்கல்லாம் ஓட்டுப் போட்டு நம்மளயே வெளிய அனுப்பிடுவாங்க சார்."

"அனுப்புறதுக்கு நாமளே இருக்கமாட்டமே சபாபதி, அதத்தான் சொல்றேன்," என்றார் செயலர்.

உறுப்பினர் பட்டியலில் அப்போது தொண்ணூற்றாறு பேர். பாதி என்றால் நாற்பத்தெட்டு. அதுவரை எந்தப் பொதுக்குழுவுக்கும் முப்பதைத் தாண்டி ஆள் வந்ததில்லை. அந்த வருஷம் கூட்டம் திண்டிவனத்தில் வேறு. சார் ஒவ்வொருவர் வீட்டுக்கும் தானே போன் செய்தார். நடக்க முடியாதவர்களுக்கு வேன் ஏற்பாடு செய்தார். நான் ஊர் ஊராக அழைப்பை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு செஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் தரணேந்திர நயினார் வீட்டுக்குப் போனேன். சமணக் குடும்பம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எண்பத்தைந்து வயது. அந்தப் பக்கத்துச் சமணக் கல்வெட்டுகளைத் தேன்மொழியோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தவர். பொழுது சாய்ந்தபின் அவர்கள் வீட்டில் சாப்பிடமாட்டார்கள் என்பதால் போனதும் இலை போட்டுவிட்டார்கள்.

"கட்டாயம் வர்றம்மா. பேரன் கார்ல இட்டுக்கினு வர்றேன்னு சொல்லிக்கிறான்," என்றார். சாப்பிட்டு முடித்ததும் அவரே கையை நீட்டினார். "ஆனா இந்தக் காலு அன்னிக்கி இன்னா சொல்லுமோ. நோட்டக் குடு, இப்பவே போட்டுட்றேன். அந்தப் பொண்ணுக்கு என்னால ஒண்ணு கொறையக் கூடாது."

இந்த முறை முன்கையெழுத்து யாரிடமும் வாங்குவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் கிளம்பியிருந்தேன். ஆனால் அவர் வரத்தான் போகிறார், பின்னே என்ன என்று தோன்றியது. பக்கத்தை விரித்து, பதினேழாம் எண்ணைக் காட்டினேன். முழுப்பெயராகப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அவர் மருமகள் போன் செய்தார்.

"அக்கா, மாமா நேத்து சாயந்தரம் தவறிட்டாருக்கா. சாப்ட்டு உக்காந்துக்கினு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. நாளைக்கி மீட்டிங்கு, வெள்ளச் சட்ட எட்த்து வைன்னு சொல்லிக்கினே இருந்தாரு. அதான் உங்களுக்குச் சொல்லலாம்னு."

பஸ்ஸிலேயே அழுதேன். இறங்கியதும் சாரிடம் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்து இரங்கல் தீர்மானம் எழுதினார். பொதுக்குழுவில் இரங்கல்தான் எப்போதும் முதல் தீர்மானம். எனக்கு அந்த நேரத்தில் பதிவேடு நினைவில் இல்லை. நம்புங்கள், இல்லை.

கூட்டம் பத்தரைக்கு, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். வராதவர்கள் எல்லாம் வந்தார்கள். ஊன்றுகோலோடு வந்தார்கள், மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஓட்டில்லாத தேன்மொழி கடைசி வரிசையில் சுவரோரமாக நின்றாள். பத்தரை அடித்தது. நான் கையெழுத்துகளை எண்ணினேன். பதினேழில் என் விரல் நின்றது. பிறகு தொடர்ந்து எண்ணி முடித்தேன். அவரோடு சேர்த்து நாற்பத்தெட்டு.

இறந்தவர் பெயரைப் பட்டியலிலிருந்து கழித்தாலும் தொண்ணூற்றைந்தில் பாதிக்கு நாற்பத்தெட்டு பேர் வேண்டும். அந்தக் கணக்கையும் அதே நிமிஷத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன். என் மூளை அவ்வளவு வேகமாக வேலை செய்தது அதுதான் முதலும் கடைசியும்.

"கோரம் இருக்குதா கஸ்தூரி?" என்று மேடையிலிருந்து கேட்டார்.

"இருக்குது சார். நாப்பத்தெட்டு."

"சரியா எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேன் சார்."

அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கோரம் அறிவித்தார், சிவப்புக் கோடு போட்டார், நயினாருக்கு இரங்கல் வாசித்தார். எல்லோரும் எழுந்து இரண்டு நிமிஷம் நின்றோம். நான் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவர் இருந்திருந்தால் வந்திருப்பார், வந்து கை தூக்கியிருப்பார், இது அவருடைய விருப்பம்தான் என்று அந்த இரண்டு நிமிஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் விழுப்புரம் இருதயராஜ் சார் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். அவரும் முழு உறுப்பினர். "விக்கிரவாண்டி டோல்கேட் கிட்ட லாரி கவுந்து கெடக்குது, அர மணி நேரம் நின்னுட்டோம்," என்று என் காதருகே குனிந்து சொன்னார். பேனாவைக் கேட்டார். நான் சிவப்புக் கோட்டைக் காட்டினேன். "சரி, கோரம் வந்துடுச்சில்ல, அது போதும்," என்று பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது பேர் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. தேன்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கஸ்தூரிம்மா, இனிமே நானும் மெம்பரு," என்று குழந்தை மாதிரி அழுதாள்.

மினிட்ஸ் புத்தகத்தில் துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். சபாபதி அதைப் படித்தார். 'நேற்று மாலை' மறைந்த நயினாருக்கு இரங்கல். பிறகு பதிவேட்டைப் பார்த்தார். எங்கே தேட வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அவரும் நடு எண்களில் கையெழுத்துப் போட்டவர்தானே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டையும் நகலெடுத்துச் சங்கப் பதிவாளருக்கு ஆட்சேபம் அனுப்பிவிட்டார். திருத்தம் பதிவாகாமல் திரும்பி வந்தது.

சார் என்னை ஜெராக்ஸ் கடை மாடியில் தன் மேஜைக்கு எதிரே நிற்கவைத்தார். மினிட்ஸ் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"முதல் தீர்மானம். வாசிங்க."

வாசித்தேன்.

"இப்ப ரிஜிஸ்டர். பதினேழு. வாசிங்க."

"தரணேந்திர நயினார்."

"எப்ப போட்டாரு?"

"மூணு நாள் முன்னாடி சார். அவங்க ஊட்ல."

"நான் கோரம் கேட்டப்ப அது உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். "இருந்துச்சு சார்," என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நாப்பத்தேழுன்னு சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"தீர்மானம் போயிருக்கும் சார்."

"இருபத்துநாலு. வாசிங்க."

பைலாவைப் பார்க்காமலே தொடங்கினேன். 'குறித்த நேரத்தில் கோரம் சேராவிடில் அரை மணி நேரம் காத்திருக்கலாம்...' அதோடு நிறுத்திவிட்டேன்.

"இருதயராஜ் எத்தன மணிக்கு வந்தாரு?"

"பத்தே முக்காலுக்கு சார்."

பதினைந்து நிமிஷம். நாற்பத்தேழு என்று உண்மையைச் சொல்லியிருந்தால் காத்திருந்திருப்போம். நாற்பத்தெட்டாவது ஆள் உயிரோடு நடந்து வந்து கையெழுத்துப் போட்டிருப்பார். நான் பொய் சொன்னதால்தான் அவர் போட முடியவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த விதி அன்று எனக்கு நினைவுக்கே வரவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்றைக்கு இவ்வளவு உறுத்தல் இருக்காது. ராஜினாமாவைப் பென்சிலில் எழுதி, அடிக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார். 'வருகைப் பதிவேட்டில் நேர்ந்த தவறுக்குச் செயலராகிய நானே பொறுப்பு' என்று இருந்தது.

"இது நியாயமில்ல சார். நான் எழுதித் தர்றேன்."

"உங்களுக்கு இன்னும் சர்வீஸ் இருக்குது. இந்த வயசுல வேற எங்க போவீங்க? டைப் பண்ணுங்க."

அடித்தேன். எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன்.

அதற்குப் பிறகு திண்டிவனத்தில் அவருக்கு ஒரு பெயர் வந்தது: செத்தவனிடம் கையெழுத்து வாங்கிய புரொபசர். அந்தப் பேச்சு காதில் விழுந்தபோதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு டைப் அடித்தேன். அவர் நூலகத்துக்குக்கூட வருவதை நிறுத்திவிட்டார். இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அவருக்கான இரங்கல் தீர்மானத்தைச் சபாபதி வாசித்தார். அரை மணி காத்திருந்து, ஆறு பேரை வைத்து நடத்திய கூட்டம் அது. நானும் எழுந்து நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

திருத்தத்தை மறுபடி இரண்டு தடவை கொண்டுவந்து பார்த்தார்கள். முதல் தடவை முப்பத்தொன்று பேர், அடுத்த தடவை பத்தொன்பது. ஏரிக்கரைக் கல்வெட்டுக் கட்டுரை சபாபதி பெயரில் மலரில் வந்தது. தேன்மொழி அந்த வருஷம் வேலைக்கு விண்ணப்பித்தாள், கிடைக்கவில்லை. இன்றுவரை கௌரவ விரிவுரையாளர்தான். நான் ஓய்வுபெற்ற பிறகு அலுவலகத்துக்கு ஆள் போடவில்லை. போன மாதம் அவளோடு போய் நூலகத்தைத் திறந்து பார்த்தோம். மைப்படிக் கட்டுகளைத் தூக்கினால் அடியில் கரையான் மண்தான் இருந்தது. அவள் திருவக்கரையில் எடுத்த படிகளும் அதில் போயின.

சபாபதிதான் எல்லாவற்றையும் கெடுத்தார், வேங்கடாசலம் சார் அவசரத்தில் ஏதோ தப்புச் செய்துவிட்டார் என்றுதான் தேன்மொழி இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருக்கிறாள். தீபாவளிக்கு எனக்குப் புடவை எடுத்துத் தருகிறாள்.

புதுக் கழகத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் கையெழுத்து வேண்டும். கௌரவ விரிவுரையாளர்கள் நான்கு பேர், ஆய்வு மாணவி ஒருத்தி, தேன்மொழியோடு ஆறு. இன்னும் ஒருவருக்காக நாலு மாதமாக அலைந்தாள். யாரும் அகப்படவில்லை. போன வாரம் விண்ணப்பத்தை என் மடியில் வைத்து, "ஏழாவது நீங்கதாம்மா. அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டரும் உங்க கையிலதான் இருக்கணும். உங்கள விட்டா யார நம்புறது?" என்றாள்.

அந்த விண்ணப்பத்தை இந்தக் கட்டுரையோடு சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன். ஏழாம் எண்ணுக்கு நேரே எதுவும் எழுதவில்லை. படித்தபிறகும் என் கையெழுத்து வேண்டும் என்று தோன்றினால் வந்து கேள் தேன்மொழி. வரமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன், வராவிட்டாலும் அது நியாயம்தான். நான் இந்த முறை சரியாக எண்ணிவிட்டேன். ஆறு பேர்.